வண்டி மேல்தான் தப்பு

அந்தக் கார் கம்பெனிக்கு நான் எழுதிய மெயில்கள் முப்பத்தொன்று. அவற்றில் முப்பதுக்கும் உடனுக்குடன் பதில் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்புகொள்ளும்.’ அடப் பாவிகளா, அந்தக் குழுவில் மனுஷன் என்று ஒருத்தனாவது இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

நான் ஆரணியில் பட்டுப்புடவைகளுக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறவன். ஓர் இழைக்கு ஒரு கட்டம். ஒரு கட்டம் தப்பினால் தறியில் மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும், புடவைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார். அதனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் விடுகிற புத்தி எனக்குக் கிடையாது. கம்பெனி எனக்குத் தரவேண்டியது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மெக்கானிக்குக்கு ஆயிரத்து முந்நூற்று நாற்பது, காரை இழுத்துப்போக மூவாயிரத்து ஐந்நூறு, எங்களை ஏற்றிப்போன லோடு வண்டிக்கு இரண்டாயிரம். மூன்றும் என் சட்டைப் பையிலிருந்து போனவை. ஆனால் அந்தப் பணத்துக்காக நான் எட்டு மாதம் அலையவில்லை. வண்டி மேல்தான் தப்பு என்று அவர்கள் கையால் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். அதை என் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மாவை நுரையீரல் தொற்றுக்காக வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கூட இருந்தது என் தங்கை. அப்பாவுக்கு மூன்று வருடமாகப் பக்கவாதம். இடது கையும் காலும் வராது, பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால்தான் நாமே ஓட்டிக்கொள்கிற வாடகைக் கார் ஒன்றை மூன்று நாளைக்குப் போனிலேயே பதிவு செய்து எடுத்தேன். வெள்ளைக் கார். கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சை வாசனை வருகிற ஏதோ ஒரு குப்பி தொங்கியது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

காரை எடுத்த இரண்டாம் நாள் காலை ஆறரைக்குத் தங்கை போன் செய்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“அண்ணா, அம்மா நைனாவையே கேட்டுகினு கீது. டாக்டரு மத்தியானத்துக்குள்ள இட்டாரச் சொல்றாரு. ஜல்தி வாண்ணா.”

மத்தியானம் என்றால் நேரம் இருக்கிறது என்றுதான் நானும் என் மனைவியும் நினைத்தோம். அப்பா சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன். வெள்ளைச் சட்டை கேட்டார். போட்டுவிட்டோம். காரில் உட்கார வைத்த பிறகு வலது கையை நீட்டி நீட்டி வீட்டுக்குள் காட்டினார். அலமாரியில் அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் அம்மா அதை விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

“கண்ணாடி... இல்லாம... என்னிய... எப்டி பாக்கும்” என்றார்.

அதை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். வண்டியைக் கிளப்பியபோது மணி ஏழு பத்து. தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் பாவு நீட்டியிருந்தார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏறுகிற பட்டு இழைகள். ஆயிரக்கணக்கான இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு, வெயில் ஏறுவதற்குள் காய வைப்பார்கள். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் அவர் வாரத்துக்கு இரண்டு மூன்று பாவு நீட்டுவார். தெருவின் மறுமுனையில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி ஒரு மாதமாக மூடாமல் போட்டிருந்தார்கள். வெளியே போக இந்த முனை ஒன்றுதான் வழி. அதில் பாவு நின்றது, ஈரமாக.

எங்கள் தெருவில் கஞ்சி ஈரத்தில் இருக்கிற பாவைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். தொய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பால் வண்டி நிற்கும், ஸ்கூல் வேன் நிற்கும், கேஸ் சிலிண்டர் வண்டி நிற்கும். பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் நின்றுவிட்டு நல்ல நேரம் போய்விட்டதென்று திரும்பிப் போன கதைகூட உண்டு. அந்தப் பெண்ணின் வீட்டார்கூடப் பாவுக்காரரைக் குறை சொல்லவில்லை.

நான் ஹாரன் மேல் கை வைத்தேன். அப்பா தன் நல்ல கையால் என் முழங்கையைத் தொட்டார்.

“இரு... கஞ்சி... ஈரம்.”

இருந்தேன். அப்பா சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியை, அந்தக் குழாய்களை, மூச்சுக்குத் தவிக்கிற அம்மாவின் வாயை மறுபடியும் பார்க்க வேண்டுமே என்று எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் தள்ளிப்போனது நல்லதாகவே பட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்கு வியர்த்தது, ஏசியைப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் பிரஷ் பிடித்த கையைத் தூக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழு ஐம்பதுக்குப் பாவைச் சுருட்டினார்கள். அதுவரை நாற்பது நிமிடமும் வண்டி ஓடிக்கொண்டே நின்றது.

கண்ணமங்கலத்துக்குச் சற்று முன்னால் கார் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல், தேனாகப் பேசியது. இருபது நிமிடத்தில் ஆள் வருவார் என்றது. இருபது நிமிடம் கழித்து இன்னும் இருபது நிமிடம் என்றது. அதற்கப்புறம் எடுத்தது மனுஷக் குரலே இல்லை. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று பாட்டுப் போட்டது. உன் பாட்டில் இடி விழ என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அன்றைக்கு முகூர்த்த நாள். ஒரு டாக்ஸி கிடையாது, ஆட்டோ எல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் கையில்.

பக்கத்துக் கடை மெக்கானிக் ஒருவர் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற குழாய் ஒன்று பிளந்திருந்தது.

“ஏசி போட்டுகினு ரொம்ப நேரம் எங்கனா நின்னுகினு இருந்தீங்களா சார்?”

“இல்லீங்களே” என்றேன். வாயிலிருந்து அது தானாக வந்தது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கம்பெனிக்காரன் ஒருவன் லைனில் கிடைத்தான். காரை ரோட்டில் விட்டுப் போகக்கூடாது, நீங்களே வேலூர் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள், பில்லை அனுப்பினால் மொத்தப் பணமும் வந்துவிடும் என்றான். காரை இழுத்துப்போகிற பொறுப்பையும் மெக்கானிக்கிடமே விட்டு, அவர் கையில் பணத்தைத் திணித்தேன். கத்தரிக்காய் மூட்டையோடு போன லோடு வண்டி ஒன்றை மறித்து, அப்பாவைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனேன்.

மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது. தங்கை வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அம்மா போய்விட்டாள்.

அப்பா கண்ணாடிக் கூட்டை என்னிடம் நீட்டினார். எனக்குப் புரிந்தது. கண்ணாடியை எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்பா சக்கர நாற்காலியை இன்னும் கிட்டே தள்ளச் சொன்னார். அம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார்.

“ஏண்ணா இவ்ளோ நேரம்?” என்று தங்கை கேட்டாள். “கடைசி வரைக்கும் கதவையே பாத்துகினு இருந்திச்சிண்ணா.”

“வண்டி கெட்டுப்போச்சிம்மா” என்றேன். பொய் இல்லையே. வண்டி கெட்டுத்தானே போனது.

அதற்கப்புறம் எல்லோருக்கும் அதையே சொன்னேன். மாமாவுக்குச் சொன்னேன், புடவைக்காரர்களுக்குச் சொன்னேன், துக்கம் கேட்க வந்த பேங்க் மேனேஜருக்குக்கூடச் சொன்னேன். அவர்களும் அந்தக் கம்பெனியை நாசமாகப் போக என்று திட்டிவிட்டுப் போனார்கள். அப்படி அவர்கள் திட்டத் திட்ட எனக்கு மூச்சு விட முடிந்தது. காரியத்தன்றுதான் எதிர்வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தங்கச்சி ஊட்டுக்காரரு வரணும்னு நிக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன். ஒரு வார்த்த சொல்லிருக்கக்கூடாதா? பத்துப் பேரு சேந்து தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல கார் அடியில பூந்து போயிருக்குமே. பாவு போனா மசுரு போச்சி.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, சும்மா இருங்க. வண்டிதான் கெட்டுப்போச்சி” என்று அவரை வெளியே இட்டுப்போனேன். அப்பா இரண்டடி தள்ளி நாற்காலியில் இருந்தார். ரெண்டு நிமிஷம் என்பது அவர் காதில் விழுந்திருக்கும். விழாமல் எப்படி இருக்கும்?

அன்றைக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர் எங்கள் தெருவில் பாவு நீட்டவே இல்லை. இரண்டு தெரு தள்ளித் தூக்கிக்கொண்டு போகிறார். காலையில் கதவைத் திறந்தால் தெரு வெறிச்சென்று கிடக்கிறது, வண்டிகள் தாராளமாக வந்து போகின்றன. எனக்கோ அந்த இடத்தைத் தாண்டும்போது ஸ்கூட்டரில் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறது. ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றுவிட்டு, பின்னால் வருகிறவன் திட்டிய பிறகு போகிறேன்.

அந்த மாதமே முதல் மெயிலை எழுதினேன். பில்களை அனுப்பினேன். ஜிஎஸ்டி பில் இல்லாத செலவை ஏற்க மாட்டோம் என்று வந்தது. கத்தரிக்காய் வண்டிக்காரர் ஜிஎஸ்டி பில்லுக்கு எங்கே போவார்? ஒரு வாரம் கழித்து, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் சத்தம் போட்டதில் சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

“வுடுங்க, பேஜார் புடிச்ச கம்பெனி. ஏழாயிரத்துக்கு ஏங்க உயிர வுடறீங்க?”

அவளுக்கும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் தெரிந்தவர் ஒருவர்தான். தினமும் சாயங்காலம் நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வந்தால், ஜன்னலோரம் நாற்காலியில் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கேட்பார்.

“பதில்... வந்துச்சா?”

“இன்னும் வரல நைனா. வுடமாட்டேன்.”

தலையை ஆட்டுவார். எட்டு மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. இரு என்று அன்றைக்குச் சொன்ன வாய் அது. அந்த ஒரு சொல் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. சோறு பாதியாகிவிட்டது. தூக்கத்தில் நல்ல கையைத் தூக்கி எதையோ தடுக்கிற மாதிரி காட்டுவார். கம்பெனி தப்பை ஒத்துக்கொண்டு ஒரு வரி எழுதிவிட்டால் இந்த மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடுவார், தூங்குவார் என்று நான் திடமாக நம்பினேன். அவருக்காகத்தான் இதெல்லாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கணக்கு என்னை விடவில்லை. ஒரு நாள் வேலைக்கு நடுவில், டிசைன் போடுகிற கட்டங்களில் ஒரு கட்டம் ஒரு நிமிடம் என்று வைத்து அந்தக் காலையை வரைந்தேன். பாவுக்கு நாற்பது கட்டம் மஞ்சள். கண்ணமங்கலத்தில் வண்டி கெட்டு நின்றதற்கு அறுபது கட்டம் சிவப்பு. அம்மா போனதற்கும் நாங்கள் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவே இருபத்தைந்து கட்டம் வெள்ளை. சிவப்பை எடுத்துவிட்டால் நேரத்துக்குப் போயிருப்போம். சரி. மஞ்சளை மட்டும் எடுத்துவிட்டாலும் போயிருப்போம். வண்டி அப்படியே கெட்டுப்போயிருந்தாலும், அம்மா பக்கத்தில் பதினைந்து நிமிடம் அப்பா இருந்திருப்பார். நான் ஒருமுறை ஹாரன் அடித்திருந்தால் போதும். அந்த ஃபைலை அழித்தேன். அழித்து என்ன, தினமும் கண்ணுக்குள் விரிகிறது.

பில்லுக்காகக் கண்ணமங்கலத்துக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அந்தப் புளியமரத்தைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். குழாய் பழையது, அதனால்தான் பிளந்தது என்று பில்லில் எழுதித்தரச் சொன்னேன். மெக்கானிக் நல்ல மனிதர்.

“குழா பழசுதான் சார், எழுதறேன். ஆனா நின்னுகினே ஓடுச்சின்னா புதுசும் தாங்காது. அதையும் எழுதட்டுமா?”

“முதல் வரியே போதும்” என்றேன்.

ஏழாம் மாதம், தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று கடைசிக் கடிதம் எழுதினேன். முப்பத்தோராவது மெயில் அதுதான். ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்பினேன். எழுதும்போதே கோபம் தலைக்கேறியது. ஒவ்வொரு வரியிலும் அவர்களை நாறடித்தேன். கடைசியில் இப்படி முடித்தேன்: ‘உங்கள் காரில்தான் ஜிபிஎஸ் இருக்கிறதே. அன்றைக்கு வண்டி எங்கே நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று எடுத்துப் பாருங்கள். என் அம்மாவின் சாவுக்கு நாங்கள் ஏன் போக முடியவில்லை என்று அப்போதாவது தெரியும்.’ அனுப்பிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் நான் என்ன எழுதித் தொலைத்தேன் என்று உறைத்தது. திரும்ப எடுக்க வழியில்லை.

மூன்று வாரம் பதிவு செய்யப்பட்டது என்கிற பதில்கூட வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரத்தில், போனில் முதலில் பேங்க் மெசேஜ் வந்தது. ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது வரவு. அதன் பின்னாலேயே மெயில். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு மனுஷன் எழுதியிருந்தான். அம்மாவின் மறைவுக்கு வருந்துகிறோம் என்று ஆரம்பித்து, நான் கேட்டபடியே அன்றைய பதிவை எடுத்துப் பார்த்ததாகச் சொல்லியிருந்தான். கீழே நிமிடத்துக்கு ஒரு வரியாக ஒரு அட்டவணை. ‘ஏழு பத்து முதல் ஏழு ஐம்பது வரை. புறப்பட்ட இடம். இன்ஜின் ஓடுகிறது. ஏசி ஓடுகிறது. வேகம் பூஜ்யம்.’ வண்டி சூடேறியதற்கு இது காரணமாக இருக்கலாம், விதிப்படி இந்தச் செலவு எங்களைச் சேராது, இருந்தாலும் உங்கள் துக்கத்தைக் கருதி முழுத்தொகையையும் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்கிறோம். அவன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். எனக்கு அவன் செருப்பால் அடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

எட்டு மாதம் துரத்தித் துரத்தி, எங்கள் தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒன்றை நானே எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அந்த அட்டவணையை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. வேகம் பூஜ்யம், வேகம் பூஜ்யம் என்று வரிசையாக நாற்பது வரி இருந்தது.

“பதில்... வந்துச்சா?”

ஜன்னலோரத்திலிருந்து அப்பா கேட்டார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். போன் வெளிச்சம் அவர் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“வந்துச்சி நைனா. பணம் பூராவும் போட்டுட்டாங்க.”

“இன்னா... எழுதிக்கிறாங்க?”

எட்டு மாதமாக இந்த ஒரு வரிக்காகத்தானே அலைந்தேன். அவர்கள் எழுதாவிட்டால் என்ன, நான் சொன்னால் ஆகாதா?

“வண்டி மேலதான் தப்புன்னு எழுதிக்கிறாங்க நைனா. முழுக்க முழுக்க வண்டி மேலதான்னு.”

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பிறகு மடியிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து என் கையில் வைத்து, தன் நல்ல கையால் என் விரல்களை அதன் மேல் மூடினார்.

“அவங்களுமாடா... பொய் சொல்றாங்க?” என்றார்.